அந்தோணியார் ஹெல்மெட்

தண்டையார்பேட்டையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து வில்சன் வீடு எது என்று கேட்டால், எந்த வில்சன் என்பார்கள். அந்தோணியார் ஹெல்மெட் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், பால் பாக்கெட் வாங்க வந்த பொடிசுகூடக் கை காட்டும்.

கதை இதுதான். போன மழைக்காலத்தில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், எர்ணாவூர் தாண்டி, நிலக்கரித் தூளும் மழைத்தண்ணியும் குழைந்து கிடந்த சேற்றில் வில்சனுடைய பைக் வழுக்கியது. அவன் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். தலை போய் ரோட்டு நடுவிலிருந்த சிமென்ட் கட்டையில் மோதியது. பின்னால் வந்த கன்டெய்னர் டிரெய்லர் கிறீச்சிட்டு நின்றபோது, அதன் சக்கரத்துக்கும் அவனுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கத்தான் இடம் இருந்ததாம். கால் நொறுங்கி உள்ளே பிளேட் வைத்தார்கள். துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை அதோடு போயிற்று. ஆனால் தலையில் ஒரு கீறல் இல்லை. ஹெல்மெட்டின் இடது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வில்சன் செய்த முதல் காரியம், ஒரு செவ்வாய்க்கிழமை ஊன்றுகோலோடு அந்தோணியார் கோயிலுக்குப் போய் அந்த ஹெல்மெட்டைச் சாமியாரிடம் நீட்டி மந்திரித்து வாங்கியதுதான். உள்ளே அந்தோணியார் மெடல் ஒன்றைப் பசை போட்டு ஒட்டினான். வீட்டுப் பீடத்துக்குக் கீழே தனிப் பலகை அடித்து அதில் வைத்தான். பிறகு தெரு சும்மா இருக்குமா? லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிறவன் வந்து கேட்டான். வண்டியிலேயே வேளாங்கண்ணிக்குப் போகிற கோஷ்டி வந்து கேட்டது. பெண் பார்க்கப் போன ஒருத்தன் மயிலாப்பூருக்கு அதை மாட்டிக்கொண்டு போனான். பெண் அமையவில்லை, ஆனாலும் ஒரு மெழுகுவத்தியோடு திருப்பிக் கொடுத்தான்.

அப்புறம் மகன் பென்னிக்கு எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. வில்சன் பைக்கை ரிப்பேர் பார்த்துக் கொடுத்தான். ஹெல்மெட்டைத் தன் கையாலேயே மகன் தலையில் மாட்டினான். "என் உசுரக் காப்பாத்துன சாமான்டா. உன்னியும் காப்பாத்தும்" என்றான். அப்போது அவன் கண் கலங்கியதை அவன் மனைவி பிலோமி பார்த்தாள். அவளுக்கும் கலங்கியது. அவள் கலங்கியது வேறு காரணத்துக்கு.

பிலோமிக்குப் பயம். அந்த ரோட்டின் மேல் பயம், அதில் வரிசைகட்டி நிற்கிற டிரெய்லர்களின் மேல் பயம், தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற டிரைவர்களின் மேல் பயம். காலையில் பென்னியின் வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் வயிற்றுக்குள் ஒரு முடிச்சு விழும். சாயந்திரம் அதே வண்டிச் சத்தம் திரும்பிக் கேட்கும்வரை அது அவிழாது. சோறு இறங்காது. போன் அடித்தால் எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். வில்சனோ கூலிக்குத் தூண்டில் முள்ளில் நைலான் நரம்பு கட்டிக்கொண்டு டிவி பார்ப்பான். "இன்னாமே, வாசல்லயே குந்திக்கினு கீற? அந்தோணியாரு கூடவே போயிகினு கீறாரு. உள்ள வா" என்பான்.

ஒருநாள் காலை, பென்னி வண்டியை உதைக்கும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். ஹெல்மெட் இடது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தது.

"இன்னாடா, கோணிக்கினு கீது?"

"லூசும்மா. நைனா தல பெருசு. உள்ள கர்சீப் மடிச்சு வச்சிருக்கேன், அப்பவும் ஆடுது."

"எங்க வச்சிருக்க?"

"த்தோ, இந்தப் பக்கம்."

"ஒரு பக்கம் மட்டும் எதுக்குடா?"

"இந்தப் பக்கந்தான்மா லூசு. லேட்டாவுது, வுடு."

போய்விட்டான். மனுஷத் தலை பெரிசாகவோ சின்னதாகவோ இருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் எப்படிச் சின்னதாக இருக்கும்? காசிமேட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் பிலோமி இதையே யோசித்துக்கொண்டு போனாள்.

அவளுக்கு அங்கே மீன் அடைக்கிற வேலை. தெர்மாகோல் பெட்டியில் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ். மூடி போட்டு டேப் ஒட்டினால் வெளியூர் லாரிக்குப் போகும். விரல் மரத்து, நகக்கண்ணில் செதில் ஏறி, முதுகு சில்லிட்டுப் போகிற வேலை. அன்றைக்கு லோடு ஏற்றுகிறவன் கைதவறி ஒரு பெட்டியைக் கீழே போட்டான். பெட்டி உடையவில்லை. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் வேலை செய்கிற கெங்கம்மா அதை எடுத்து, மூலையில் கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு ஓரமாக எறிந்தாள்.

புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. "ஏங்க்கா, நல்லாத்தான கீது?"

"மேலுக்கு நல்லா கீது. மூல அமுங்கிப் பூடுச்சு பாரு. ஒரு தபா அமுங்குனா மறுபடி எழுந்துக்காது. இத்தக் கீழ வச்சு மேல நாலு பொட்டி அடுக்குனா, உள்ள கீற மீனு கூழாய்டும். மீனுக்குப் பதிலா அடி வாங்குறதுதான் இதுக்கு வேலயே. ஒரு தபாதான் வாங்கும்."

எத்தனையோ வருஷமாகப் பிலோமியும் இதையே செய்கிறவள்தான். எத்தனை பெட்டியை அப்படி அமுக்கிப் பார்த்து எறிந்திருப்பாள்! அன்றைக்கு மட்டும் கையிலிருந்த சங்கரா மீன் நழுவி விழுந்தது. ஹெல்மெட்டுக்குள்ளே துணிக்கு அடியில் இருப்பது என்ன? வெள்ளையாக, கெட்டியாக... ஐயோ, அதுவும் தெர்மாகோல்தானே.

சாயந்திரம் பென்னி வந்து ஹெல்மெட்டைப் பலகையில் வைத்ததும் அவள் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளே கையை விட்டு வலது பக்கம் அமுக்கினாள். கெட்டியாக இருந்தது. நெற்றிப் பக்கமும் கெட்டி. இடது பக்கம், பெயிண்ட் உரிந்த இடத்துக்கு நேர் உள்ளே கட்டைவிரலை வைத்தாள். விரல் பொதக்கென்று உள்ளே போனது. துணிக்கு அடியில் ஏதோ நறநறவென்றது.

 வில்சன் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"இத்தத் தொட்டுப் பாருயா."

"இன்னாத்துக்கு?"

"இந்தப் பக்கம் கல்லாட்டம் கீது, இந்தப் பக்கம் பொதபொதன்னு கீது. உள்ள செத்துப் பூடுச்சுயா இது. புள்ளைக்கு இனிமே இது வேணா."

வில்சன் தொட்டுப் பார்க்கவில்லை. நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தான். "அடி வாங்குனா அமுங்கத்தான் செய்யும். அதுக்கு?"

"ஒரு தபாதான்யா வாங்கும். பொட்டி மாதிரி."

"மீன் பொட்டியும் இதுவும் ஒண்ணா உனுக்கு? மந்திரிச்ச சாமான்மே! என் தலய முழுசா வூட்டுக்குக் கொணாந்து சேர்த்துச்சு, தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன், அதும் வேல முடிஞ்சுது..."

"அடி வாங்குனதெல்லாம் தூக்கிப் போடணும்னா மொதல்ல என்னியத் தூக்கிப் போடு!" என்று கத்தினான் வில்சன். "நானும் அமுங்கித்தான் கீறேன். காலு பூடுச்சு, வேல பூடுச்சு. நானும் செத்த சாமான்தான். தூக்கி வெளிய போடு!"

பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பென்னி தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.  பிலோமி, ஊன்றுகோல் பிடித்துக் காய்த்துப்போன அந்த ஆளின் கையைப் பார்த்தாள். ஹெல்மெட்டை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டுச் சாம்பாரைச் சூடு பண்ணப் போனாள்.

மறுநாள் மத்தியானம் காசிமேட்டில் ஐஸ் வண்டிக்காரன் சொன்னான்: "எர்ணாவூர்ல மறுபடியும் பைக்குல போனவன் ஒத்தன். டிரெய்லர்காரன் இட்சிட்டான். சின்னப் பையனாம்."

பிலோமி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். கையில் ஐஸ் தண்ணி, போன் வழுக்கியது. கெங்கம்மா வாங்கிப் போட்டாள். எடுக்கவில்லை. கெங்கம்மா அவளைக் கவிழ்த்த கூடையின் மேல் உட்காரவைத்து, "ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாது" என்று முதுகைத் தடவினாள். பிலோமி அப்போது அந்தோணியாரைக் கூப்பிடவில்லை. கட்டைவிரல் பொதக்கென்று இறங்கினதைத்தான் நினைத்தாள். அதே இடத்தில் பென்னியின் தலை. இருபது வருஷமாக எண்ணெய் தேய்த்து வளர்த்த தலை.

கடைசியில் பென்னியே கூப்பிட்டான். "இன்னாம்மா, இத்தினி தபா போன் போட்டுகினு கீற? வண்டி எடை போட்டுக்கினு இருந்தேன்மா. சோறு துன்னியா நீ?"

அவள் அழுதாள். அழுது முடித்ததும் முடிவு பண்ணிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வில்சனை வீட்டில் விட்டுவிட்டு, பென்னியை இழுத்துக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஜாபர் பாயின் கடைக்குப் போனாள். கடையின் கூரை வரை ஹெல்மெட். பென்னிக்கு உள்ளே நுழைந்ததுமே ஒன்று பிடித்துவிட்டது. நெருப்பு ஸ்டிக்கரும் மண்டையோடும் போட்டது. பிலோமி அதற்குள் கையை விட்டு அமுக்கினாள். வெறும் ஸ்பாஞ்ச்.

"வேணா."

"ம்மா, கெத்தா கீதும்மா!"

"மேலுக்குத்தான் கெத்து. உள்ள ஒண்ணுமில்ல."

அடுத்ததை அமுக்கினாள், அதற்கடுத்ததை அமுக்கினாள். ஜாபர் பாய் சிரித்தார். "இன்னாம்மா, மாம்பழமா வாங்க வந்த?" என்றவர், டெய்லர் டேப்பை எடுத்துப் பையன் நெற்றியைச் சுற்றி அளந்தார். "தம்பிக்கு நீட்டுத் தல. ரவுண்டா கீறது போட்டா நெத்தியில குத்தும். குத்துனா இன்னா பண்ணுவான்? கழட்டி டேங்க் மேல வச்சுக்குவான். அப்பால அது எவ்ளோ ஒசத்தியா இருந்து இன்னா பிரயோஜனம்?"

கடைசியில் ஒன்றை எடுத்து மாட்டினார். பென்னி முகத்தைச் சுளித்தான். "பாய், கன்னம் அமுங்குது. பேசக்கூட முடில."

"வண்டி ஓட்டச்சொல்ல யாராண்ட பேசப் போற? கன்னத்துல அமுங்கணும், நெத்தியில வலிக்கக் கூடாது. போட்டுகினே குந்து. நாங்க டீ குடிச்சு முடிக்கிறோம், அப்பால சொல்லு."

டீ குடித்து முடிக்கும்வரை பென்னி ஹெல்மெட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெற்றி வலிக்கவில்லை என்றான். ஜாபர் பாய் வாரை இறுக்கிவிட்டு, பின்பக்கம் பிடித்து முன்னால் உருட்டித் தள்ளிப் பார்த்தார். தலைதான் குனிந்தது, ஹெல்மெட் கழலவில்லை. நெற்றிக்கு மேலே காற்றுப் போகிற ஓட்டையைத் திறந்து காட்டினார். வேர்வை ஊறுகிற துணியைக் கழற்றித் துவைக்கலாம் என்றார்.

"இந்தா, குடு" என்று பிலோமி வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். கொண்டை இடித்தது. மாட்டியதும் ரோடு எங்கோ தள்ளிப் போய்விட்டது. தன் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. பஸ்காரன் ஹாரன் அடித்தது தண்ணிக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது, ஆனாலும் கேட்டது. தினமும் இப்படித்தானே என் பிள்ளை இதற்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு அந்த டிரெய்லர்களுக்கு நடுவே போகிறான் என்று நினைத்ததும் கழற்றிவிட்டாள்.

"இதே குடு பாய்."

பையில் போடும்போது அவள் பழைய ஹெல்மெட்டின் கதையைச் சொன்னாள். ஜாபர் பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். "உசுரு காப்பாத்துச்சுல்ல? சலாம் வச்சுட்டு, வார அறுத்துப் போட்டுரும்மா. வூட்ல வைக்காத. யாருனா எடுத்து மாட்டிக்குவாங்க."

பிலோமி தலையாட்டினாள். ஆனால் அறுக்கவில்லை. மந்திரித்த சாமானைக் கத்தரிக்கோலால் எப்படி அறுப்பது? போதாததற்கு வில்சன் வேறு அன்றிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனே பழைய ஹெல்மெட்டைத் துடைத்து, பலகையில் வைத்து, முன்னால் மெழுகுவத்தி ஏற்றினான். இருந்துவிட்டுப் போகட்டும், நம் பிள்ளை தலையில் இல்லை அல்லவா என்று அவள் விட்டுவிட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த வாரம்தான் கொஞ்சம் சோறு இறங்கியது.

அடுத்த வாரம் ஒருநாள், மீன் வரத்துக் குறைவென்று சீக்கிரமே வேலை முடிந்து வந்தாள். வாசலில் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தவளுக்கு முதலில் பலகைதான் கண்ணில் பட்டது. ஹெல்மெட் இல்லை. மெழுகுவத்தி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"எங்கயா அது?"

"ஆன்சி வந்து கேட்டுச்சு, குடுத்தேன்" என்றான் வில்சன், அவளைப் பார்க்காமல். "தொரைக்கு இன்னிலேர்ந்து சடையங்குப்பம் பக்கம் குடோன்ல வேல. அந்த ரோட்ல லாரியா ஓடுதுன்னு அயுதுச்சு. மாசமா கீற பொண்ணு. நீ மதிக்கலன்னா தெருவுல மதிக்கிறவங்க கீறாங்க."

துரையும் ஆன்சியும் அடுத்த வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. பிலோமி வெளியே ஓடினாள். ஆன்சி வயிற்றைப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்சி, தொர பூட்டானா?"

"இப்பத்தான் ஆன்ட்டி. அங்கிள் மட்டும் அத்தக் குடுக்கலன்னா எனுக்கு இன்னிக்கு மூச்சே வந்திருக்காது."

"அவன் ஹெல்மெட்டு இன்னா ஆச்சு?"

"அது கீது ஆன்ட்டி. எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது, நல்லதுதான். வண்டியில மாட்டிக்கினு போறாரு. தலையில இத்தத்தான் போடணும்னு சத்தியம் வாங்கிக்கினேன். இதுதான ராசி."

அந்தப் பெண் சிரித்தாள். அவளுடைய கை மட்டும் வயிற்றைவிட்டு எடுபடவில்லை.  இது பிலோமியின் வயிற்றில் விழுகிற அதே முடிச்சு. நல்ல ஹெல்மெட்டைக் கழற்றவைத்துவிட்டுச் செத்ததை மாட்டி அனுப்பியிருக்கிறாள், பாவி, பயத்தில்! ஜாபர் பாய் அத்தனை தெளிவாகச் சொல்லியும் அறுக்காமல் வைத்தேனே. என் பிள்ளை தலையிலிருந்து இறங்கியதும் எனக்குப் போதும் என்றாகிவிட்டதே. ஆன்சியிடம் ஒன்றும் சொல்லாமல் முனைக்கு ஓடி ஆட்டோவை மறித்தாள்.

"கொருக்குப்பேட்ட ரயில் கேட்டுக்குப் போப்பா. சீக்கிரம்!"

"கேட்டு போட்டிருப்பான்க்கா. பேஜாரு."

"போட்டிருக்கணும்டா சாமி! போட்டிருக்கணும்!"

சடையங்குப்பம் போகிறவன் அந்த ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அதைத் திட்டாத வாய் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஆம்புலன்ஸ் நின்றிருக்கிறது, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் நின்று அழுதிருக்கிறார்கள். அன்றைக்குப் பிலோமி ஒருத்திதான் அந்தக் கேட்டைக் கும்பிட்டாள். துறைமுகத்திலிருந்து வந்த கூட்ஸ் வண்டி, ஊர்ந்துகொண்டு, பெட்டி பெட்டியாக முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பைக்குகள் இண்டு இடுக்கில்லாமல் நெருக்கி நின்றன. இன்னும் நாலு பெட்டி சேர்த்து விடப்பா என்று வேண்டிக்கொண்டே, ஹேண்டில்பார்களுக்கு நடுவே புகுந்து போனாள். "ஏம்மா, கண்ணு தெரில?" என்றார்கள். இடது பக்கம் பெயிண்ட் உரிந்த தலை ஒன்று முன்வரிசையில் தெரிந்தது.

"தொர!"

திரும்பினவன் அவளைப் பார்த்ததும் வெளிறிப் போனான். "ஆன்ட்டி! ஆன்சிக்கு இன்னாவது...?"

"ஆன்சி நல்லா கீறா. கழட்டு அத்த."

"இன்னாத்த?"

"ஹெல்மெட்டக் கழட்டுடா!"

"ஆன்ட்டி, சாங்காலம் திருப்பிக் குடுத்துர்றேன். ஆன்சிகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்துகீறேன்..."

அவளே கையை நீட்டி வாரை அவிழ்த்துக் கழற்றினாள். அவன் கட்டைவிரலைப் பிடித்து உள்ளே அழுத்தினாள். "அமுக்கு. ஆங், அங்கதான். இப்போ கண்ணாடியில தொங்குதே, உன்னுது, அத்த அமுக்கு."

துரை இரண்டையும் அமுக்கிப் பார்த்தான். தன்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டான். மீன் நாற்றமடிக்கிற கையால் அவளே அதன் வாரைக் கிளிக்கென்று பூட்டி, இழுத்துப் பார்த்தாள். கேட்டைத் தூக்கினார்கள். அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு போன புழுதியில் அவள் அந்தோணியார் ஹெல்மெட்டை அணைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்தவள் வில்சன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மெடலைப் பக்குவமாகப் பெயர்த்து அவன் கையில் கொடுத்தாள். அப்புறம் மீன் அரிகிற கத்தியால் உள்துணியின் தையலைப் பிரித்தாள்.

"ஏய், இன்னா பண்ற? பிலோமி!"

துணி கழன்று வந்தது. உள்ளே இடது பக்கத்து வெள்ளை, மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. விரல் பட்டதும் ஒரு துண்டு கையோடு பெயர்ந்து வந்தது, உதிர்ந்த மணிகள் தரையில் ஓடின. பிளவுக்கு நடுவில் ஒரு பள்ளம். வில்சன் குனிந்து பார்த்தான். தன் தலையின் இடது பக்கத்தைக் கையால் தடவினான். அப்புறம் அந்தக் கையைப் பள்ளத்துக்குள் வைத்தான்.

"அந்தோணியாரு அன்னிக்கே தன் வேலய முடிச்சுட்டாருயா" என்றாள் பிலோமி. "உனுக்காவ மொத்தத்தையும் வாங்கிக்கினு பூட்டாரு. மறுபடி மறுபடி அவர வாங்கச் சொன்னா எப்புடி?"

 வில்சனின் உதடு கோணியது.

"இத்தினி நாளு..." என்றான். "இத்தினி நாளு புள்ள இத்தயாமே போட்டுகினு போனான்? நானே மாட்டி அனுப்புனேனே. என் கையாலயே மாட்டி அனுப்புனேனே பிலோமி."

அவள் அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் நடுங்கினான். ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தபோதுகூட அவன் அப்படி நடுங்கி அவள் பார்த்ததில்லை. "உன்னிய எவன்யா தூக்கிப் போடச் சொன்னான்" என்று அவன் மயிரைக் கோதினாள்.

சாயந்திரம் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது டிவி ஓடவில்லை. எட்டிப் பார்த்தாள். தூண்டில் முள் பாதியில் கிடந்தது, ஊன்றுகோலைக் காணோம். வாசலுக்கு வந்தாள். தெருமுனையில், டீக்கடை வெளிச்சத்தில், வில்சன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஆன்சி. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் இரண்டு பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

முதலில் துரை வந்தான். ஆன்சி அவனோடு போய்விட்டாள். வில்சன் நின்றுகொண்டே இருந்தான். இருட்டி வரும்போது பென்னியின் வண்டி திரும்பியது.

"இன்னா நைனா, இங்க நிக்கிற? கால் வலிக்காது?"

"சொம்மாதான்டா" என்றான் வில்சன். மகனுடைய தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. மறுபடி ஒருதரம் இழுத்தான். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். வில்சன் அந்த வாரைவிட்டுக் கையை எடுக்கவேயில்லை.